பெண் பிள்ளைகள் ஆடட்டும், முழங்காலைக் காப்போம்



2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார். நம்ம ஏரியோர ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆட ஆசை உண்டு. ஆனா ஒரு பிள்ளை முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டா, "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறோம். இது சரியா?

ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஆட்டத்தை ஆடினால், மொத்தக் காயக் கணக்கில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காயத்தின் வகைதான் மாறுகிறது. கால்பந்தில் ஆண்களுக்குத் தொடைச் சதை பிடிப்பது அதிகம். பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிட 2 மடங்குக்கும் மேல். யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

காரணம் என்ன?

வயசுக்கு வந்த பிறகு ஆண் பிள்ளைக்குச் சதை பலம் வேகமாகக் கூடுகிறது. பெண் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தால்தான் அந்த அளவு கூடும். பலம் குறைந்த கால், குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்குகிறது. ஜவ்வு அந்த இழுப்பைத் தாங்காது.

சாப்பாடும் ஒரு காரணம். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாத பிள்ளைக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு பலம் குறைந்து, மெல்லிய விரிசல் விடும். ஆடுகிற பிள்ளைக்கு 3 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். விற்கிற மீனில் அவளுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக் கீரை எல்லாம் நல்லது.

தடுக்க முடியுமா?

முடியும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுள்ள 1,800-க்கும் மேற்பட்ட பெண் கால்பந்து வீராங்கனைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிஷப் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பலத்த காயம் கிட்டத்தட்ட பாதியானது. செலவு எதுவும் இல்லை:

1. மெதுவான ஓட்டம்.
2. உட்கார்ந்து எழுவது.
3. ஒற்றைக் காலில் நிற்பது.
4. குதித்து, முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்குவது. முட்டி உள்ளே சாயக்கூடாது.

அடிபட்டால்

"டப்" என்று சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கினால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். தைலம் தேய்த்து உருவ வேண்டாம். ஐஸ் நம்ம ஊரில் கிடைக்கும். அதைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போகும்போது காப்பீட்டு அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.

2022 நவம்பரில் வியாசர்பாடி கால்பந்து வீராங்கனை பிரியா, ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலை இழந்து, உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் நின்றதே காரணம் என்று அரசு சொன்னது. அதனால் சிகிச்சைக்கே பயப்பட வேண்டாம், விழிப்பாக இருங்கள். கட்டுப் போட்ட காலில் வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல் மரத்து, ஜில்லிட்டு, நிறம் மாறினாலோ ராத்திரி என்றாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள். "காலையில பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. தூக்குப்படுக்கையில்தான் வெளியே கொண்டு வந்தார்கள். சிகிச்சையும் பயிற்சியும் எடுத்து, 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆட்டத்துக்கு முன் இந்தப் பயிற்சி நடக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், நாலு தாய்மார் சேர்ந்து போய் விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.