வாய்பேசா நோயாளியும் வைத்தியச் செலவும்

என் மேசை இழுப்பறையிலே பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கிறது. மேலட்டையிற் 'பாடம்' என்று அச்சிட்ட இடத்தில் என் மகள் 'சொக்கி' என எழுதிவைத்தாள். உள்ளே திகதிகளும் தொகைகளும் தடுப்பூசிகளின் பெயர்களும் உள்ளன. சில பக்கங்களில், "இரவு இருமுறை சத்தி, தண்ணீர் மிகுதியாகக் குடித்தது" என்பன போன்ற குறிப்புகளும் காணப்படும். 2012 ஆம் ஆண்டிலே எங்கள் படலையடியில் யாரோ விட்டுச்சென்ற ஒரு பெட்டைக் குட்டியின் பன்னிரண்டாண்டுச் சரித்திரம் அது. ஆயினும் முதற் பத்தாண்டுகளுக்கு நான்கு பக்கங்களே எழுதப்பட்டிருக்கின்றன. மிகுதி முழுவதும் பிந்திய இரண்டாண்டுகளில் நிரம்பியது. அதற்குக் காரணம் என் அறியாமையேயன்றி வேறன்று.

அண்மையில் என்னோடு ஒரே பாடசாலையிற் படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் நாய்க்குட்டி வாங்கினார். "நல்ல மிருக வைத்தியர் யார்? மாதம் எவ்வளவு முடியும்?" என்று அவர் கேட்டபோது என்னால் ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் தகப்பனார் காலத்திலே வைத்தியம் என்றால் அது மாட்டுக்குத்தான். கறவைப் பசு வயிறூதி நின்றால் ஊரிலுள்ள மாட்டு வைத்தியரை அழைத்துவர ஆள் ஓடும். அவர் மருந்து அரைத்துக் கொட்டத்தாற் புகட்டுவார். சில வேளைகளிற் குறிசுடுவதும் உண்டு. நாய்க்கு நோய் வந்தால், அது வேலியோரத்திற் சுருண்டு கிடக்கும், பிழைத்தால் எழுந்துவரும். நாய்க்குக் காசு செலவழிப்பவனை ஊர் நகைத்தது. இத்தனைக்கும் விலங்குக்கு வைத்தியம் செய்தல் இத்தீவுக்குப் புதியதன்று. நாலாம் நூற்றாண்டில் அரசாண்ட புத்ததாச மன்னன் நோயுற்ற நாகமொன்றுக்குத் தன் கையாலே சிகிச்சை செய்தான் என்றும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்தான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை. வேலியோரத்து நாயைப் பற்றி அந்நூலும் பேசவில்லை.

நான் வாலிபனாயிருந்தபோது என் தாயார் வளர்த்த பூனை சோர்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று எண்ணி, வீட்டிலிருந்த பரசிற்றமோல் குளிகையிற் பாதியைப் பொடித்துப் பாலிற் கலந்து கொடுத்தேன். மறுநாள் அதன் முகம் வீங்கியது. முரசு கபில நிறமாயிற்று. அன்றிரவே இறந்தது. நாய்க்கும் பூனைக்கும் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு 39 வரை ஏறுவது இயல்பான உடற்சூடு என்பதையும், நமது கைக்குக் காய்ச்சலாகத் தோன்றுவது அவற்றின் ஆரோக்கியமே என்பதையும் நான் அறிந்தது பல்லாண்டுகளின் பின்னர். பூனையின் ஈரலால் அக்குளிகையைச் செரித்து வெளியேற்ற முடியாது. அது இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலையே கெடுத்துவிடும். சில சதத்தோடு முடிந்த வைத்தியம் அது. மலிவு வைத்தியம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பூனையின் முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தபோது எங்கள் நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் புறப்பட்டோம். திரும்பி வந்தபோது அது இல்லை. இனி நாய் வேண்டாம் என்றிருந்தேன். பதினேழு ஆண்டுகள் அப்படியே இருந்தோம். பிறகுதான் சொக்கி படலையடிக்கு வந்தாள்.

அவள் விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்தது ஒன்றே. ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவித்தேன். சுகாதாரத் திணைக்களத்தார் அதை இலவசமாகப் போடுகிறார்கள். வீதியில் ஒலிபெருக்கி கேட்டதும் சங்கிலியோடு சென்றால் போதும். 1973 இல் இந்நாட்டில் 377 உயிர்களைக் கொண்டுபோன அந்நோய், நாய்களுக்கு ஊசிபோடும் திட்டத்தினாலேயே அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது என்னும் அளவுக்குத் தணிந்தது. இதே ஒலிபெருக்கி ஒருமுறை இலவசக் கருத்தடை முகாம் பற்றியும் அறிவித்தது. "இயற்கைக்கு விரோதமான வேலை" என்று சொல்லி நான் போகவில்லை. மனைவி போகச் சொன்னாள். அவள் சொன்னதையும் நான் கேட்கவில்லை.

2022 ஆம் ஆண்டை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. மனிதருக்கே மருந்தில்லாத காலம். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்குவதும் நின்றது. அந்த வாரத்திலேதான் பத்து வயதுச் சொக்கி உணவை மறுத்துத் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கத் தொடங்கினாள்.

அருகிலிருந்த வைத்தியர் ஒருவரிடம் நடத்திக்கொண்டு போனேன். பெயர் வேண்டா. "சாப்பிடுகிறதில்லை" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேசையில் ஏற்றாமலே ஓர் ஊசி போட்டார். நான்கு நாட்கள் நான்கு ஊசிகள். ஊசி ஒன்றுக்கு 1,500 ரூபா. என்ன மருந்தென்று ஒரு துண்டும் தரவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பறையிலே "கேள்வி கேளுங்கள், கேளுங்கள்" என்று பிள்ளைகளை வற்புறுத்தியவன் நான். ஐந்தாம் நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

என் பழைய மாணவன் ஒருவன் சொல்லித்தான் ஏழு மைலுக்கு அப்பாலுள்ள அரசினர் கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஓர் இளம் பெண் வைத்தியர் இருப்பதையும், மாலை வேளையிலே தம் வீட்டில் நாய் பூனைகளைப் பார்ப்பதையும் அறிந்தேன். வாகனம் கிடைக்கவில்லை. அயல்வீட்டுத் தம்பி தன் சைக்கிள் கரியரில் மரப்பெட்டி ஒன்றைக் கட்டி, சாக்கு விரித்து, அவளை அதில் கிடத்தினான். அவன் உழக்க, நான் என் சைக்கிளிற் பின்னே சென்றேன். ஏழு மைலுக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது.

அந்த வைத்தியர் முதலிற் கேட்டது நோயைப் பற்றியன்று. "மாஸ்ரர், இவள் கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருந்தது, மே மாத ஆரம்பத்தில் ஊர் நாய்களெல்லாம் எங்கள் வேலியோரம் நின்றதை அவன் கண்டிருக்கிறான். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை முறை சத்தி, என்ன ஊசி போட்டார்கள் என்று கேள்விகள் தொடர்ந்தன. அரைவாசிக்கு என்னிடம் விடையில்லை. பிறகு உடற்சூட்டை அளந்தார். உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். வயிற்றை மெல்ல அழுத்தினார். வாலைத் தூக்கிக் கசிவைப் பார்த்தார். கருப்பையிற் சீழ் கட்டியிருக்கிறது என்றார். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு, பருவம் கழிந்து நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் வருவது இந்நோய். இளமையிற் கருப்பையை அகற்றியிருந்தால் வந்திராது. மிகுதியாகத் தண்ணீர் குடிப்பதே முதல் அடையாளம். ஊசியால் ஆறுவதை நம்பியிருக்கலாகாது. அறுத்து எடுத்தல் வேண்டும்.

அடுத்து அவர் சொன்னவை நான் எதிர்பாராதவை.

"சத்திரசிகிச்சைக்கும் மருந்துக்கும் 28,000 ரூபா வரும். பாதியை இப்போது தந்தாற் போதும். ஸ்கான் எடுக்கலாம்; ஆனால் அதன் விடை என் தீர்மானத்தை மாற்றாது. அந்தக் காசைப் பின்னுள்ள மருந்துக்கு வைத்திருங்கள். இவ்வளவும் செய்தும் இவள் பிழைக்காமலும் போகலாம். உங்களால் எவ்வளவு முடியும் என்பதை வெட்கப்படாமற் சொல்லுங்கள், மாஸ்ரர். அதற்கேற்பத்தான் நான் யோசிக்கலாம்."

அதுவரை எந்த வைத்தியரிடமும் நான் காசைப் பற்றி வாய்திறந்ததில்லை. ஆசிரியன் என்ற கௌரவம் ஒருபுறம். 'நாயின் உயிருக்கு விலை பேசுகிறானே' என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் மறுபுறம். ஓய்வூதியம் இவ்வளவு, வீட்டில் இருப்பது இவ்வளவு என்று அன்று சொன்னேன். மறுநாட் காலை என் மோதிரம் அடைவுக்குப் போயிற்று. ஆனால் நான் ஏமாற்றப்படுகிறேனோ என்ற எண்ணம் மட்டும் எழவில்லை. முந்திய 6,000 ரூபாவைக் கொடுத்தபோது ஒவ்வொரு நாளும் அது எழுந்தது.

அன்றிரவே, மின்வெட்டு முடிந்ததும், சத்திரசிகிச்சை நடந்தது. சொக்கி பிழைத்தாள்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். நாலாமவனை அவர் ஏன் சேர்த்தார் என்பது அந்த மாலையிலேதான் எனக்கு விளங்கிற்று. பேசமாட்டாத நோயாளிக்கு அருகிலிருப்பவனே நாக்கு. அவன் கவனியாதிருந்தால் வைத்தியர் இருட்டிலே தேடவேண்டும். அந்தத் தேடலுக்கும் காசு அவனே கொடுக்கவேண்டும். கொப்பியில் ஒழுங்காக எழுதத் தொடங்கியது அன்றுமுதற்றான்.

ஆகையால் நண்பருக்கு நான் சொல்வது, வைத்தியரை நோய் வருமுன்னரே தேடிக்கொள்ளும் என்பது. குட்டியைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் முதல் நாளே நல்ல பரீட்சை. குடலைத் தாக்கும் பார்வோ நோய்க்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை, பதினாறு வாரம் வரை போடப்படுவது. ஒன்றோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையடையாது. இதை அவர் தாமாகச் சொல்லுகிறாரா, குட்டியைத் தொட்டுச் சோதிக்கிறாரா, நிறுக்கிறாரா, ஊசியின் பெயரைப் புத்தகத்தில் எழுதுகிறாரா என்று பாரும். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மிருக வைத்தியர்கள் பதிவுசெய்யப்பட்டவர்களாயிருத்தல் வேண்டும். அதைக் கேட்பது அவமரியாதையன்று. அரசினர் அலுவலகத்து வைத்தியர்களைச் சிலர் இளக்காரமாகப் பேசுவர். அது தவறு. ஆனால் அவர்களுடைய முதற்கடமை மாடும் ஆடும் கோழியும். காலையிற் பெரும்பாலும் பட்டிகளிலே நிற்பார்கள். எப்போது இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்துச் செல்லும். நள்ளிரவில் நாய் துடித்தால் யாரிடம் போவது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வையும். பெரிய கட்டடமும் குளிரூட்டிய அறையும் எனக்குப் பொருட்டல்ல. 'எனக்கு இது தெரியாது. பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்' என்று சொல்லக்கூடியவரா என்பது பொருட்டு.

செலவை அடக்குவதற்கும் பெரிய வித்தை இல்லை. மழைகாலத்தில் நாள்தோறும் காதினுள்ளும் கால்விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பதற்குக் காசு முடியாது. உண்ணிக் காய்ச்சல் வந்து இரத்தம் வற்றினால் வாரக்கணக்கில் மருந்து. இந்தப் பரிசோதனையின் விடை வைத்தியத்தை மாற்றுமா என்று கேட்கலாம். அதே மருந்து வேறு பெயரில் விலை குறைந்து கிடைக்குமா என்றும் கேட்கலாம். நல்ல வைத்தியர் இவற்றுக்குக் கோபிப்பதில்லை. வீட்டு நாய்க்குக் காப்புறுதி எடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவவில்லை; ஆதலால் நாங்கள் ஒரு பால்மாப் பேணியில் மாதம் 1,000 ரூபா போட்டு வந்தோம். ஓய்வூதியம் வரும் நாளிலே மனைவி போடுவாள். அவள் மறந்த மாதம் இல்லை.

2024 ஆம் ஆண்டு சொக்கிக்குப் பன்னிரண்டு வயதாயிற்று. மறுபடியும் தண்ணீர் மிகுந்தது. இம்முறை மூன்றாம் நாளே, கொப்பியோடு, அதே வைத்தியரிடம் சென்றோம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. பேணியிற் காசு இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பேன் என்றேன். அவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டு சற்றே பேசாதிருந்தார்.

"மாஸ்ரர், பத்து நாட்கள் சேலைன் ஏற்றலாம். அந்தப் பத்து நாளும் இவள் இந்தக் கூட்டுக்குள் இருப்பாள். பிறகு கிடைப்பதும் சில கிழமைகளே. சத்திக்கு மருந்து தருகிறேன்; வீட்டிலே, தன் இடத்திலே வைத்திருங்கள். தாங்க முடியாத நிலை வந்தாற் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்."

பத்தொன்பது நாட்கள் மாமரத்தடியிற் கிடந்தாள். ஒவ்வொரு நாளையும் எழுதியிருக்கிறேன். இருபதாம் நாள் மாலை வைத்தியர் வந்தார். மனைவி அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். ஊசிக்கும் வருகைக்குமான தொகையைப் பெற்றுக்கொண்டு, எழுதும் மேசையில்லாததால் தம் முழங்காலில் வைத்தே பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன்.

பேணியில் 3,740 ரூபா மீந்திருந்தது. அயல்வீட்டுத் தம்பி அந்த மாதம் ஒரு குட்டி கொண்டுவந்தான். அதன் முதல் ஊசிக்கென்று மனைவி பேணியோடு அவனிடம் கொடுத்தாள். மரப்பெட்டி இன்னும் அவனுடைய சைக்கிளிலேதான் இருக்கிறது.