ஊருணியும் ஊர்மின்னும்

விளக்கின் அருமையை அறிந்தோர் இருளில் இருந்தோரே. நகரத்து மாணவன் சுவரிலுள்ள ஆளியை அழுத்துகின்றான். அறை ஒளி பெறுகின்றது. அவ்வொளி எங்கிருந்து வந்ததென்று அவன் எண்ணுவதில்லை. வீதி முடிவடையும் இடத்துக்கும் அப்பால், மலைச்சாரலிலுள்ள சிற்றூரில் வாழ்ந்த மாணவனோ நெடுங்காலம் போத்தல் விளக்கை நம்பியே கல்வி கற்றான்.

அவ்விளக்கு எத்துணைக் கொடியது என்பதை நம் நாட்டு மருத்துவமனைகள் அறியும். அது சரிந்தால் மண்ணெண்ணெய் சிந்தித் தீ பரவும். இங்ஙனம் தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனத்த கண்ணாடியாலான, இருபுறமும் தட்டையான, திருகுமூடி கொண்ட விளக்கொன்றை அமைத்தார். அது எளிதிற் சரியாது, சரிந்தாலும் உருளாது. அப்பணிக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழையின் வீட்டுக்குச் செல்லும் கருவி எத்தன்மையதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று.

யான் தமிழ் கற்பிப்பவன், பொறியியல் கற்றவனல்லேன். ஆயினும் ‘ஊருணி’ என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இப்பொருள் நினைவுக்கு வரும். ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. அதனைத் தோண்டுவோரும் தூர் எடுப்போரும் காப்போரும் ஊராரே. மின்சாரமும் ஊருணியாகுமோ என்று கேட்டால் மாணவர் நகைப்பர். ஆனால் அங்ஙனம் ஆனதுண்டு. அதுவும் நம் நாட்டிலேயே.

இலங்கையின் நீர்மின் வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. மலைநாட்டு அருவிகளால் மின் பிறப்பிக்கலாம் என்று 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார் அவர். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அதன் பின்னரும் பெருநிலையத்தின் கம்பி பட்டினங்களைத் தேடிச் சென்றதேயன்றிச் சிற்றூர்களை விரைந்து நாடவில்லை. சிதறிய சில வீடுகளுக்காக மலைகளைக் கடந்து கம்பி இழுத்தல் பெருஞ்செலவன்றோ?

இதற்கிடையில், தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் ஆங்கிலேயர் காலத்திலேயே சிறு சுழலிகள் ஓடின. ஓடையின் நீர் தொழிற்சாலையை இயக்கியது. துரையின் பங்களாவுக்கு ஒளி தந்தது. அத்தேயிலையைக் கொய்த நம் மக்களின் லயங்களிலோ பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. நீரும் பொறியும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும், உரிமை இல்லாமையால் ஒளி இல்லை. பொறியைப் படைப்பது மட்டும் போதாது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

ஏழை நாடுகளுக்கு ஏற்ற இடைநிலைத் தொழில்நுட்பத்தை வளர்க்க ஷூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1966இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தைத் தொடக்கினார். அது பின்னர் இலங்கையிலும் பணியாற்றியது. அதன் துணையோடும், 1997இன் பின் உலக வங்கிக் கடனுதவித் திட்டங்களின் வழியாகவும், சப்பிரகமுவ, மாத்தறை முதலிய மலைப்பாங்கான பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்மின் திட்டங்கள் எழுந்தன.

அவற்றின் அமைப்பு எளியது. ஓடையைச் சிறு கட்டால் மறித்து, வாய்க்கால் வழியே தொட்டிக்குக் கொணர்ந்து, குழாயிற் கீழே விடுவர். செக்கனுக்கு 20 லீற்றர் நீர் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், அதன் வலு ஏறத்தாழ 3900 வாற்று. குழாயிலும் சுழலியிலும் கம்பியிலும் பாதி இழக்கப்படினும் ஏறத்தாழ 2000 வாற்று எஞ்சும். 40 வீட்டார்க்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 50 வாற்று. சில விளக்குகளுக்கும் ஒரு வானொலிக்கும் அது போதும்.

நீரைத் தாங்கிச் சுழல்வது கிண்ணங்கள் பொருத்திய சில்லு. அமெரிக்கராகிய பெல்ற்றன் 1880இற் காப்புரிமை பெற்ற அமைப்பு. மின்பிறப்பாக்கியாய்ப் பெரும்பாலும் அமைவது, ஆலைகளில் வழங்கும் சாதாரணத் தூண்டல் மோட்டர். கொள்ளளவிகளை இணைத்துச் சற்று விரைந்து சுழற்றினால் அதுவே மின் தரும்; பழுதுற்றால் அயற் பட்டினத்தில் மோட்டர் சுற்றுபவரே திருத்திவிடுவார். வீட்டார் விளக்கை அணைக்கும்போது சுழலி கட்டுமீறி ஓடாதபடி, எஞ்சிய மின்னை வெப்பச்சுருளுக்குத் திருப்பும் கருவியொன்றும் உண்டு.

இவை யாவும் எளியன. அரியது பங்கீடே. ஓர் இஸ்திரிப் பெட்டி 1000 வாற்று வரை கொள்ளும். அதாவது 20 வீட்டாரின் பங்கு. ஒருவர் அதனைச் செருகினால் ஊர் விளக்குகள் மங்கும். ஆதலால் ஊரார் மின் நுகர்வோர் சங்கம் அமைத்தனர். சிரமதானமாக வாய்க்கால் வெட்டினர். மாதக் கட்டணம் திரட்டினர். பொறியைப் பார்க்க ஒருவரைப் பழக்கினர். ஊருணியின் இலக்கணம் இதுவேயன்றோ?

பின்னர் தேசிய மின்கம்பி அவ்வூர்களுக்கும் வந்தது. இன்று நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் அது எட்டியுள்ளது. ஊரார் அதனை நாடியதிற் குற்றமில்லை. ஏழை 50 வாற்றோடு அமைதல் வேண்டும் என்று சொல்ல நிறைவாக வாழும் நமக்கு என்ன உரிமை? ஆயின் திட்டங்கள் பல கைவிடப்பட்டதே கவலை. மிகச் சிலவே தேசிய வலையமைப்போடு இணைந்து மின் விற்கும் வாய்ப்புப் பெற்றன. ஏனையவற்றின் சுழலிகள் துருப்பிடிக்க, வாய்க்கால்கள் தூர்ந்தன. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டபோது, ஓடை மட்டும் வழமைபோல ஓடிக்கொண்டே இருந்தது.

பெருநிலையம் வந்ததும் சிறுநிலையத்தைக் கைவிடுதல், குழாய்நீர் வந்ததும் கிணற்றை மூடுதல் போன்றது. இரண்டும் இணைந்து வாழ வழி காண்பதே அறிவுடைமை. அருவி இல்லாத வடபுலத்தில் ஞாயிற்றின் ஒளியும் காற்றும் உள. அங்கும் வினா ஒன்றே. தகடும் மின்கலமும் தருவது எளிது. பழுதுற்ற அன்று அவற்றைத் திருத்துபவர் யார், புது மின்கலத்துக்குப் பொருள் சேர்ப்பவர் யார்?

ஏழை ஊருக்கு மின் சமைக்க முன்வரும் நம் மாணவர், வரைபடம் வரையுமுன் இவ்வினாவுக்கு ஊராரிடமிருந்து விடை பெறுவாராக. அவ்விடையைப் பெறாது நாட்டப்படும் பொறி, திறப்புவிழா அன்று ஒளிரும்; முதற் பழுதோடு அணையும்.