தாழ்த்தும் சுருள்வில்: தேர்ந்து தெளிதல்

பழநிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியிலே, காப்பியும் மிளகும் செழிக்கும் பெரும்பாறையை நம் வாசகருட் பலர் அறிவர். சித்தரேவிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதை அவ்வூர் வழியே செல்கின்றது. நண்பர் ஒருவர் தமது ஸ்போர்ட்ஸ் காருக்குத் தாழ்ந்த சுருள்வில்களைப் புதிதாய்ப் பூட்டி, நம்மையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் அப்பாதையிற் சென்றார். ஏறுங்கால் குறையொன்றும் தோன்றவில்லை. இறங்குங்கால், ஒரு கொண்டை ஊசி வளைவிலே, மழைநீர் அரித்த குழியிற் பின்சக்கரம் விழுந்தது. அடியில் இடித்தாற்போல் ஓர் ஒலி. அடுத்த கணமே வண்டியின் பின்புறம் வழுக்கி, ஓரத்துக் கற்சுவரை நோக்கிச் சென்றது. சுவருக்கு ஒரு சாண் இருக்கையில் வண்டி நின்றது. அன்று நேர்ந்தது யாது, ஏன் என்று பின்னர் ஆராய்ந்தோம். அதன் பயனை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண், வில்லின் தொழில் யாது? பாரத்திற்கு ஏற்ற அளவே வில் அமிழும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் என்பார் 1678-இல் விளக்கி வெளியிட்டார். 25 கிலோ பாரத்திற்கு ஒரு செ.மீ. அமிழும் வில், 250 கிலோவிற்கு 10 செ.மீ. அமிழும். லாரியின் கமான் பட்டைக்கும் காரின் சுருள்வில்லுக்கும் விதி ஒன்றே. சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கினும், டயர் தரையை விடாது பற்றியிருக்கச் செய்வதே வில்லின் கடமையாம்.

அங்ஙனமாயின் வண்டியைத் தாழ்த்துவது எற்றுக்கு? வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் பாரம் வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பெயர்கின்றது. புவியீர்ப்பு மையம் தாழுமாயின் அப்பெயர்ச்சி குறையும். ஆயின் எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே. 1,000 கிலோ நிறையும், சக்கரங்களிடையே 150 செ.மீ. அகலமும், 50 செ.மீ. உயரத்தில் மையமும் உடைய வண்டியொன்று, தன் எடையில் 10-இல் 6 பங்கு பக்கவிசையோடு திரும்புவதாகக் கொள்வோம். பெயரும் பாரம் 200 கிலோ. 3 செ.மீ. தாழ்த்தினால் 188 கிலோ. ஆதாயம் 12 கிலோ மட்டுமே.

இனி இழப்பைக் காண்போம். வில் அமிழ்வதற்கு முன்பு 8 செ.மீ. இடம் இருந்ததாயின், இப்போது எஞ்சுவது 5 செ.மீ. ஒரு வில் ஏற்கும் அதிர்ச்சி, அமிழும் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டின் வர்க்கம் 64; ஐந்தின் வர்க்கம் 25. ஆகவே, முன்னைய அதிர்ச்சியையே தாங்குதற்குப் புதுவில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வலிதாதல் வேண்டும். கடைகளில் விற்கும் தாழ்வில்களோ பெரும்பாலும் நூற்றுக்கு இருபது முப்பது பங்கே மிகுந்த வலியுடையன. எனவே வில் முற்றும் அமிழ்ந்து, ரப்பர்த் தடையில் மோதுகின்றது. அந்நொடியில் வண்டி வில்லற்ற கட்டைவண்டி போலாகித் துள்ள, டயர் பிடியை இழக்கின்றது. பெரும்பாறை வளைவில் நாம் கேட்ட ஒலி அதுவே.

ஆதலின் தேர்வோர் கருத வேண்டுவன சில உள. தாழ்த்தும் அளவை முதலிற் கேளாது, எஞ்சும் அமிழ்விடத்தையே முதலில் அளக்க வேண்டும். ஒருமுனைச் சுற்றுகள் நெருங்கியிருக்கும் வளர்வலி வில், சிறு மேட்டிற்கு மென்மையாயும் பெரும் பள்ளத்திற்கு வன்மையாயும் நிற்கும். சாலை வண்டிக்கு அது ஏற்றது. வில் வலித்தால், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் அதற்கு இணையாக வேண்டும். பழையதையே விட்டுவைத்தல் தவறு. பூட்டியபின் சக்கரக் கோணங்களைச் சீர்செய்யாவிடின் டயர் ஒருபுறமாய்த் தேயும். பணத்தை மிச்சப்படுத்தக் கருதிப் பழைய வில்லின் சுற்றை அறுப்பதும், நெருப்பிற் காய்ச்சித் தாழ்த்துவதும் அறவே ஆகா. அறுத்த வில் இருக்கையினின்று பிறழக்கூடும்; காய்ச்சிய எஃகு பதம் இழக்கும்.

நிற்க. தாழ்வில் எங்கும் பயனற்றதென நாம் கூறவில்லை. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும், 2003-இல் திறந்த கோவைக் கரி தடத்திலும் தரை சமமானது. அங்கே சிற்றாதாயமும் வெற்றி தரும். நம் சாலைகளோ வேறு. இந்திய சாலைப் பேரவை வகுத்த வேகத்தடையே 10 செ.மீ. உயரமுடையது, ஊர்ப்புறங்களில் அளவு மீறியனவும் உள. இன்னும், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடுமாறு வண்டியைத் திருத்துதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆதலால், பதிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நன்று.

நண்பர் அவ்வாரமே பழைய வில்களை மீண்டும் பூட்டினார். தாழ்ந்தவை அவர் வீட்டுக் கொட்டகையில், பந்தயத் தடத்திற்குச் செல்லும் நாளுக்கெனக் காத்துக் கிடக்கின்றன. வண்டியின் அழகை நோக்கி வில்லைத் தேர்தல் எளிது. அது செல்லும் பாதையை நோக்கித் தேர்தலே அறிவுடைமையாம்.