மண்வெட்டி படாமல் வெளிவந்த ரோமானிய நகரம்

ரோமிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், கோட்டைச் சுவர் சூழ்ந்த ஒரு வயல்வெளி வரும். சுவரில் பெரும்பகுதி இன்னும் கம்பீரமாக நிற்கிறது. மேற்கு வாசல் வழியே உள்ளே நுழைந்தால், அருகில் ஒரு பழைய தேவாலயம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் புல்லும் பயிரும்தான். இந்த இடத்தின் பெயர் ஃபலேரி நோவி. கி.மு. 241இல் கிளர்ச்சி செய்த ஃபாலிஸ்கர்களை ஒடுக்கிய ரோமானியர்கள், அவர்களைப் பழைய ஊரிலிருந்து கிளப்பி இங்கே குடியேற்றினார்கள். ஏறத்தாழ கி.பி. 700 வரை மக்கள் வாழ்ந்தார்கள். பிறகு இதன்மேல் வேறு நகரம் எழவில்லை. ஆய்வாளர்களுக்கு அதைவிட நல்வாய்ப்பு எது?

சுவருக்குள் இருப்பது 30.5 ஹெக்டேர். அத்தனையையும் தோண்ட ஒரு தலைமுறை போதாது, பணமும் போதாது. தவிர, அகழாய்வு என்பது ஒருவகையில் அழிப்புதான். ஒரு முறை பெயர்த்த மண்ணடுக்கைப் பழையபடி அடுக்க முடியாது. எனவே கேம்பிரிட்ஜ், கெண்ட் (Ghent) பல்கலைக்கழகங்களின் குழு, தரையை ஊடுருவும் ராடார் கருவிகளை நான்கு சக்கர பைக்கில் கட்டி வயல் முழுக்க இழுத்துச் சென்றது.

கருவி அனுப்பும் ரேடியோ அலை மண்ணுக்குள் இறங்குகிறது. சுவரோ கல்தளமோ குறுக்கிட்டால் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். இந்த ஆழக் கணக்குதான் முக்கியம். 1990களின் இறுதியில் காந்தமானியைக் கொண்டு இதே இடத்தில் நடந்த ஆய்வு, தெருக்களையும் கட்டடங்களையும் காட்டியது. ஆனால் எல்லாம் ஒரே தளத்தில் அப்பியதுபோலத் தெரிந்தன. ராடார் படமோ எந்தச் சுவர் மேலே, எது கீழே என்று பிரித்துக் காட்டுகிறது.

12.5 சென்டிமீட்டருக்கு ஒரு அளவீடு. மொத்தம் 7 கோடிக்கும் மேல். 2020இல் ‘ஆண்டிக்விட்டி’ இதழில் வெளியான முடிவுகளில் சந்தை, கோயில், குளியல் வளாகம் எல்லாம் இருந்தன. வடக்கு வாசலருகே யாரும் எதிர்பார்க்காத ஒரு பெரிய பொதுக் கட்டடமும் தென்பட்டது: மூன்று பக்கமும் தூண் வரிசை, நடுவே 40க்கு 90 மீட்டர் திறந்தவெளி.

ஆனால் படத்தில் நின்று பார்க்கவேண்டியது தண்ணீர்க் குழாய்களைத்தான். ரோமானிய நகரங்களில் குழாய் தெருவோரமாகப் போகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே அவை கட்டட மனைகளுக்கு அடியிலேயே குறுக்காகப் போகின்றன. வீடு கட்டிய பிறகு தரையைப் பெயர்த்து இப்படிப் பதிப்பது லேசான காரியமல்ல. ஆகவே முதலில் குழாய், பிறகு கட்டடம் என்று திட்டமிட்டிருக்கலாம் என்கிறது ஆய்வுக் குழு. குழாய்த்தடம் ஒரு பெரிய செவ்வகக் கட்டடம்வரை நீள்கிறது. அது பொது நீச்சல் குளமாக இருந்திருக்கலாம்.

ஆஸ்திரியாவின் கார்னுண்டத்தில் ராடாருக்குக் கிடைத்தது வேறு ரகம். வியன்னாவுக்குக் கிழக்கே உள்ள அந்த ரோமானிய நகரில் 2011இல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு, மண்ணுக்கடியில் ஒரு கிளாடியேட்டர் பயிற்சிக்கூடம். வட்டமான பயிற்சிக் களம், வீரர்களின் சிற்றறைகள், குளியலறைகள் மட்டுமா? களத்தின் நடுவே, வாள்வீச்சுப் பழக நட்டிருந்த கம்பத்தின் அடித்தளம்கூடப் படத்தில் தெரிந்தது.

எல்லா மண்ணும் இப்படி ஒத்துழைப்பதில்லை. ஈரக் களிமண் ராடார் அலையை விழுங்கிவிடும். மண் ஒத்துழைத்தாலும் மேசையில் வேலை காத்திருக்கிறது: ஃபலேரி நோவியில் ஒரு ஹெக்டேரை முழுமையாக ஆராய்ந்து பதிவுசெய்ய சுமார் 20 மணி நேரம் பிடித்தது. நகர் முழுவதற்கும் 600 மணி நேரம் தாண்டும்.

ராடாரால் சுவரின் வயதைச் சொல்ல முடியாது. அதற்குப் பானை ஓடும் நாணயமும் கையில் கிடைக்கவேண்டும். அதனால் ஃபலேரி நோவியில் 2021 முதல் மண்வெட்டியும் இறங்கியிருக்கிறது. ராடார் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும்.