செம்பனைத் தோட்டத்தில் ஓர் அபயக்குரல்

ஓவியம் என்றதும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படமே பலருக்கும் நினைவுக்கு வரும். தூரிகையும் வண்ணமும் இல்லாமல் ஒரு தோட்டத்தையே கலைப்படைப்பாக்க முடியுமா? 2018ஆம் ஆண்டு சுமத்ராவில் ஒரு கலைஞர் அவ்வாறு செய்து காட்டினார். அப்படைப்புக்கும் ஜொகூர் மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் அக்காற்று சுமத்ராவில் எழும் தீயின் புகையை மலாக்கா நீரிணையைக் கடந்து தீபகற்ப மலேசியாவுக்குக் கொண்டு வருகிறது. 2013 ஜூன் 23ஆம் நாள் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐ எட்டியது. அக்குறியீடு 300ஐத் தாண்டினாலே காற்று அபாயகரமானதாகக் கருதப்படும். ஆகவே, மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன.

இத்தீ எப்படி மூள்கிறது? புதிய தோட்டம் அமைக்க நிலத்தைத் துப்புரவு செய்வோருக்குத் தீ வைப்பதே செலவு குறைந்த வழியாக உள்ளது. கரிச்சதுப்பு நிலத்தில் வைக்கப்படும் தீ மிகவும் ஆபத்தானது. அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக முழுமையாக மட்காத இலைகளும் வேர்களும் நீரில் ஊறிக் கிடக்கின்றன. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அவை உலர்ந்து விறகைப் போல் ஆகிவிடுகின்றன. அதன்பின் தீ மண்ணுக்கடியிலும் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

இச்சிக்கலைக் கலைவழி உணர்த்த முன்வந்தவர் எர்னெஸ்ட் சகாரெவிச். லித்துவேனியாவில் பிறந்த அவர், பினாங்கை வாழிடமாகக் கொண்டவர். 2012இல் ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் வீதியில் அவர் வரைந்த, மிதிவண்டியில் செல்லும் சிறுவர்களின் சுவரோவியம் புகழ்பெற்றது. 2013இல் ஜொகூர் பாருவிலும் அவர் ஒரு சுவரோவியம் வரைந்தார். பின்னர், பல நாட்டுக் கலைஞர்களை ஒன்றுதிரட்டி, காட்டழிவை மையமாகக் கொண்ட கலைத்திட்டம் ஒன்றை வடசுமத்ராவில் தொடங்கினார்.

அத்திட்டத்தின் ஒரு பகுதியாக, லூசர் காட்டுப் பகுதியை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவர் ஏறத்தாழ 1,100 மரங்களை வெட்டினார். வெட்டிய இடங்கள் வெறுமையாகி, 'எஸ்.ஓ.எஸ்.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளாயின. நடுக்கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் உதவி கோரி அனுப்பும் குறியீடு அது. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வெழுத்துகளைத் தரையில் நிற்பவரால் படிக்க முடியாது. வானிலிருந்து பார்த்தால்தான் புலப்படும். இவ்வாறு நிலத்தையே பொருளாகக் கொண்டு படைப்பதை நிலக்கலை என்பர்.

காட்டைக் காக்க மரத்தை வெட்டலாமா என்ற ஐயம் எழலாம். செம்பனை தீய மரமன்று. மலேசியத் தமிழர் பலரின் குடும்பங்கள் தோட்டத் தொழிலால் வளர்ந்தவை. சமையல் எண்ணெய் முதல் சவர்க்காரம் வரை பல பொருள்கள் செம்பனையிலிருந்து கிடைக்கின்றன. ஆனால், செம்பனை எவ்விடத்தில் நடப்படுகிறது என்பதே முக்கியம். ஓராங் ஊத்தான், புலி, யானை, காண்டாமிருகம் ஆகிய நான்கும் காட்டில் ஒன்றாக வாழும் ஒரே இடம் லூசர். அக்காட்டின் விளிம்பு சுருங்கினால் அந்நான்கும் ஒன்றாக வாழ வேறு புகலிடம் இல்லை.

அந்தத் தோட்டம் காட்டை மீட்டெடுப்பதற்காகவே வாங்கப்பட்டது. சுமத்ராவின் ஓராங் ஊத்தான்களைக் காக்கும் அமைப்பு ஒன்று, சவர்க்கார விற்பனை மூலம் திரட்டிய நிதியையும் கொண்டு அதனை வாங்கியது. எஞ்சிய செம்பனைகளையும் அகற்றி, அம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நடுவதே நோக்கம். நிழல் விலகிய நிலத்தில் வெயில் படும்; கன்றுகள் வேர்பிடிக்கும். அருகிலுள்ள காட்டின் பறவைகளும் விலங்குகளும் பழங்களைத் தின்று, விதைகளை எச்சத்தின் வழி பரப்பும். மனிதன் தொடங்கிய பணியை இயற்கை தொடரும்.

பொதுவாக, ஓவியம் அழிந்துவிட்டால் கலைஞருக்கு அது இழப்பு. இங்கோ நிலைமை வேறு. கன்றுகள் வளர வளர அந்த மூன்று எழுத்துகளும் மறையும். வானிலிருந்து பார்ப்பவருக்கு அவை தென்படாமல் பசுமை மட்டுமே தெரியும் நாளில்தான் அப்படைப்பு முழுமை பெறும். ஒரு தோட்டம் காடாவதால் மட்டும் புகைமூட்டம் நீங்கிவிடாது. எனினும், அழிந்த காட்டையும் மனிதனால் மீட்க முடியும் என்பதை அது காட்டுகிறது.