காசநோயாளியும் மயக்க மருந்தும்

அறுவைச் சிகிச்சைக்கு முன் தரப்படுவதை ‘மயக்க மருந்து’ என்றே நாம் வழங்கி வருகிறோம். அச்சொல் பாதி உண்மையையே சொல்கிறது. முழு மயக்கத்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேரும்போது நோயாளியின் மூச்சு நின்றுவிடும். அதன்பின் குழாய் வழியே மூச்சை நடத்துவது எந்திரம். காசநோயோ மூச்சுக்காற்றில் பரவுவது. குழாயைச் செலுத்தும்போதும் எடுக்கும்போதும் எழும் இருமல், அருகில் நிற்கும் மயக்க மருத்துவரின் முகத்தில்தான் படும்.

அறுவை அரங்கின் காற்றோட்டமும் இங்கு எதிராக அமைகிறது. புண்ணில் கிருமி படாதிருக்க, அரங்கினுள் காற்றழுத்தத்தைச் சற்று மிகுதியாக வைப்பர். கதவு திறந்தால் காற்று வெளியே பாயும். நோயாளியைக் காக்கும் அதே ஏற்பாடு, அவருக்குத் தொற்றும் காசநோய் இருக்குமாயின், நடைவழியில் நிற்பவர்க்குக் கேடாகிறது. ஆகவே பொறுக்கக்கூடிய அறுவையைத் தொற்று நீங்கும்வரை தள்ளிவைப்பர். வெடித்த குடல்வால் பொறுக்காது. அத்தகையவரை இயன்றவரை அன்றைய கடைசி நோயாளியாகக் கொண்டு, கதவுகளை மூடி, மூச்சுக் குழாயில் வடிகட்டி பொருத்தி, என்95 முகக்கவசம் அணிந்து பணிபுரிவர். அவர் விழித்தெழுவதும் பொதுக்கூடத்தில் அன்று, அரங்கிலோ தனியறையிலோதான். காலில் அறுவை என்றால் முதுகில் ஊசியிட்டு மரக்கச் செய்வதே பெரும்பாலும் நலம்; மூச்சுக்குழாயைத் தொடவேண்டியதில்லை.

ஒரு வரலாற்றுச் செய்தி. நுரையீரலின் நோயுற்ற பகுதியையே வெட்டியெடுத்த காலத்தில், ஒருபுறத்துச் சீழ் மறுபுறம் வழிந்து நோய் பரவியது. 1949இல் சுவீடன் மருத்துவர் கார்லென்ஸ் அறிமுகப்படுத்திய இருபுழைக் குழாய் மறு ஆண்டே அதனைத் தடுக்கப் பயன்பட்டது. இன்றைய நுரையீரல் அறுவைகளில் பயன்படும் குழாய்கள் அதன் வழிவந்தவையே.

காசநோய் மருந்துகளும் குறுக்கிடுகின்றன. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால் மிடசோலம் போன்ற துயிலூட்டிகள் விரைவில் சிதைந்து பயன் குன்றும். ஸ்ட்ரெப்டோமைசினோ தசைத்தளர்ச்சியை நீட்டிக்கும். அறுவை முடிந்தும் மூச்சுத்தசைகள் வலிமை பெறாதிருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னேற்பாடு செய்ய, நோயாளி வாய்திறக்க வேண்டும். ‘வேறு மருந்து உட்கொள்கிறீர்களா?’ என்ற வினாவுக்கு, காசநோயை இழிவெனக் கருதி ‘இல்லை’ என்பாரும் உளர். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். மறைத்த செய்தி, மயக்கத்தின் நடுவே சிறுநீர் சேரும் பையில் நிறமாகத் தெரியவரலாம். தொற்று நீங்காதவராயின், அதற்குள் அரங்கிலிருந்தோர் அனைவரும் அக்காற்றைச் சுவாசித்திருப்பர்.