யானை ஏன் வயலுக்கு வருகிறது?

சித்தூர், திருப்பதிப் பக்கம் சொந்தபந்தம் உள்ள அன்பர்கள் யானைத் தொல்லை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் யானையே இல்லாதிருந்த அந்தக் காடுகளுக்கு 1980களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து யானைகள் வந்தன. சில சேஷாசலம் வரை போயின. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. குப்பம், பலமநேர் விவசாயிகளோ பயிரையும், சில வேளை உயிரையும் இழந்து வருகிறார்கள்.

பசிதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் பிறந்த விஞ்ஞானி ராமன் சுகுமார் கண்டது வேறு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலின் மாணவரான அவர், 1981 முதல் சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகளில் அலைந்து கணக்கெடுத்தார். குட்டிகளோடு திரியும் கூட்டத்தைவிட, வளர்ந்த ஆண் யானை சுமார் ஆறு மடங்கு இரவுகள் வயலில் இறங்குகிறதாம்! காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகில் சத்து அதிகம். உடம்பு தேறிய ஆணுக்கே துணை கிடைக்கும், அதனால் துணிகிறது. குட்டியுள்ள தாய் அப்படித் துணிவதில்லை.

பழியை எல்லா யானை மீதும் போடாமல், வந்தது எது என்று எண்ணிப் பார்த்தாரே, ரயில்வேயில் கணக்கோடு காலம் கழித்த எனக்கு அதுதான் பிடித்தது. 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவரது நூலை ஆப்பிரிக்க யானை ஆய்வாளர்களும் எடுத்தாளுகிறார்கள். 2006இல் ஜப்பானின் காஸ்மாஸ் பரிசு பெற்றார். பலமநேர்ப் பக்கத்துக்கு 2025இல் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளைக் கொடுத்தது. விரட்ட வேண்டியது எந்த யானையை என்பதை அங்கும் முதலில் பார்த்தாக வேண்டும்.